ஒண்ணுமில்ல என்று மட்டும் சொல்லாதீர்கள்

ஜெபா ஒரு பழைய ஃபைலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். அதற்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். சொல்லி முடித்து, ஃபைலை இறக்கி, எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

நாங்கள் ஆறு பேரும் சிரித்தோம். ஆறு பேரும் தலையாட்டினோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆலந்தலை அந்தோணி அண்ணாச்சி ஒருபடி மேலே போய், "ஆமா தாயி, நல்லது, நல்லது" என்று வேறு சொன்னார்.

ஜெபா திரும்பிப் போர்டில், தான் சொன்னதை எழுதினாள். "உங்கள் வீடு தீப்பிடித்து எரிகிறது."

பின்வரிசையில் எங்கள் வீட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் காது நன்றாகக் கேட்கும். அவர்கள் ஏற்கெனவே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணி அண்ணாச்சியின் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கணவரும் சிரித்தார் என்பதை அவர் தோள் குலுங்கியதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மீசையை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அறுபது வயதில், ஒரு சின்னப் பெண் முன்னால், பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டி மாட்டிக்கொண்டால் யாருக்குத்தான் வராது?

சனிக்கிழமை வகுப்பு

ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் மாடியில், சனிக்கிழமை காலைகளில் அந்த வகுப்பு நடந்தது. காது மெஷின் வாங்கியவர்களுக்கு, அதை மாட்டிக்கொண்டு மனிதர்களோடு பேசிப் பழகக் கற்றுத்தருகிற வகுப்பு. மெஷினை மாட்டினால் எல்லாம் கேட்டுவிடும், இதற்கு எதற்கு ஒரு வகுப்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

மாட்டிய முதல் நாள் தெரிந்தது. மனிதர் பேச்சைத் தவிர எல்லாம் கேட்டது. மின்விசிறி கேட்டது. எவர்சில்வர் தட்டை மேடையில் வைத்தால் மண்டைக்குள் வைத்த மாதிரி கேட்டது. என் சேலை உரசுவது எனக்கே கேட்டது. கடற்கரைப் பக்கம் போனால் காற்று காதுக்குள் குடித்தனம் வந்துவிட்டது. எதிரே நின்று பேசுகிறவர் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து பேசினார்.

மகள் சுடர் ஒரு வழி செய்தாள். பேசினால் எழுத்தாகக் காட்டுகிற ஆப் ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்தாள். செய்தி வாசிப்பவர் பேசினால் அது ஒழுங்காக எழுதும். எங்கள் வீட்டுக்காரர் "அங்கன என்னளா பண்ணுத, இங்கன வா" என்றால் அதற்கு மூச்சு நின்றுவிடும். தூத்துக்குடிக்காரர்களுக்கு அது சரிப்படவில்லை.

அதனால்தான் வகுப்புக்குப் போனேன். ஜெபா நாகர்கோவில் பெண். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டில் யார் உங்களிடம் அதிகம் பேசுவார்களோ அவரையும் அழைத்து வர வேண்டும், பாதிப் பாடம் அவர்களுக்குத்தான் என்றாள்.

அந்தோணி அண்ணாச்சி இளவயதில் சங்கு குளித்தவர். ஆழத்தில் செவிப்பறை கிழிந்ததை அப்போது கண்டுகொள்ளவில்லை. அவர் பேச வேண்டிய எல்லாவற்றையும் அவர் மனைவியே பேசிவிடுவார். "உங்க பேர் என்ன?" என்று ஜெபா அவரைக் கேட்டால், பின்வரிசையிலிருந்து அந்த அம்மா பதில் சொல்வார். "காதுதான போச்சு, பேரும் போச்சாக்கும்?" என்று ஒருநாள் அண்ணாச்சி திரும்பிச் சத்தம் போட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

நான் டெலிபோன்காரி

துறைமுக டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பற்றி இந்தத் தொடரில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார். "அத்தனை குரல்களை நினைவில் வைத்திருக்கிறீர்களே, இப்போதும் போனில் பேசுவீர்களா?"

பேசுவதில்லை, அம்மா. போன் மணி அடித்தால் பயமாக இருக்கிறது.

அங்கே ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை காதை வைத்துச் சோறு தின்றவள் நான். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே பேசுகிறவர் யார், எந்த மனநிலையில் இருக்கிறார், யாருக்கு லைன் கேட்கப்போகிறார் என்பது வரை சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் "என்ன சொன்னீங்க? கேக்கல" என்று வாய்திறந்து சொல்வதாவது! அதற்குத் தலையாட்டுவது எவ்வளவோ சுலபம். முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு, எதிராளி நிறுத்தும் இடத்தில் ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை தப்பிவிடலாம்.

மீதிப் பத்தில்தான் வம்பு. அப்படித் தலையாட்டித்தான் பக்கத்து வீட்டு நாயை ஒரு வாரம் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டேன். நாய் வந்து வாசலில் நின்றபோதுதான் எனக்கே விஷயம் தெரியும்.

ஜெபா எங்களுக்கு வைத்த பாடங்கள் கேட்க எளிதாக இருக்கும். கேட்கவில்லை என்றால் தலையாட்டாதே. முதலிலேயே "எனக்குக் காது கேக்காது, என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க" என்று சொல்லிவிடு. பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "இதுதானே சொன்னீங்க?" என்று உறுதி செய்துகொள்.

முதல் பாடத்திலேயே நான் பெயில். போன வாரம் காய்கறிக் கடையில்கூட ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் யாரும் தொடாத சுரைக்காய் வந்து சேர்ந்தது.

மீசை

இனி என் கணவர். பெயர் தங்கராசு. துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அந்த வேலை என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கப்பலின் அடித்தளத்தில் சரக்கு இருக்கும். மேலே அதைத் தூக்கி இறக்கும் விஞ்சு ஓட்டுகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. கீழே ஆள் நிற்கிறானா, மூட்டை சாய்கிறதா, எதுவும் தெரியாது. அந்தச் சரக்குக் குழியின் விளிம்பில் நிற்கிற சிக்னல்மேனின் கைதான் அவருக்குக் கண். விரலைச் சுழற்றினால் ஏற்று. உள்ளங்கையைத் தாழ்த்தி ஆட்டினால் இறக்கு. இரண்டு கையையும் விரித்து நீட்டினால் அப்படியே நிறுத்து. அதற்கு மேல் ஒரு அங்குலம் அசையக் கூடாது.

எனக்குக் காது மந்தமானதும் இவர் அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். அடுப்பைக் குறைக்க உள்ளங்கையை ஆட்டுவார். நான் எழுந்து வர விரலைச் சுழற்றுவார். "நான் என்ன சிமெண்டு மூட்டையா?" என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். நாலு பேர் முன்னால் கையைத் தூக்கினால் நடப்பதே வேறு என்று எச்சரித்தும் வைத்திருந்தேன்.

கை இப்படி என்றால் வாய் அதைவிட மோசம். குளியலறைக்குள்ளிருந்து பேசுவார். மிக்சி ஓடும்போது பேசுவார். பல் தேய்த்துக்கொண்டே பேசுவார். எனக்கு முதுகைக் காட்டி, பீரோவைப் பார்த்துப் பேசுவார். பீரோவுக்கு எல்லாம் தெரியும், எனக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மீசை. மேலுதட்டை முழுக்க மூடி, கீழுதட்டையும் எட்டிப் பார்க்கும். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வதே பெரும்பாடு. அப்பா, அம்மா இரண்டுமே உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று ஜெபா காட்டினாள். இதில் உதடே தெரியவில்லை என்றால்?

"சார், மீசைய கொஞ்சம் கத்தரிச்சுக்கிட்டா மேடத்துக்கு உதவியா இருக்கும்" என்றாள் ஜெபா, மிகுந்த மரியாதையோடு.

இவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "தாயி, இது நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கு வச்சது. இதுல கை வைக்கச் சொல்லாத. வேற என்ன வேணாலும் சொல்லு, செய்யுதேன்."

"அப்ப ஒண்ணு சொல்றேன். மேடம் என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க."

அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காது கேட்காதவர்களைக் கொல்கிற சொல் அது. எல்லோரும் சிரிப்பார்கள். நாம் "என்ன, என்ன?" என்போம். யாராவது ஒருவர் கையை அசைத்து "ஒண்ணுமில்ல, விடு" என்பார். நமக்குச் சொல்வதற்குச் செலவழிக்கும் அரை நிமிஷம் அவர்களுக்கு வீண். நான் ஒருத்தி அந்த அறையில் இருப்பதே வீண். என் வீட்டில் அந்தச் சொல் மணிக்கொரு தரம் வரும்.

"சரி தாயி" என்று இவர் தலையாட்டினார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் அது வெறும் தலையாட்டல்தான். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லளா" என்றார்.

மதினி வைத்த சட்டம்

இந்தச் சமயத்தில்தான் சுடருக்கு வரன் வந்தது. கொண்டுவந்தவர் என் கணவரின் அக்கா, உடன்குடியில் இருக்கும் மதினி. மாப்பிள்ளை வீடும் அதே ஊர். கருப்பட்டி மொத்த வியாபாரம். பையன் படித்தவன், அமைதியானவன் என்றார்கள். போனில் இரண்டு முறை பேசியதில் சுடருக்கும் பிடித்திருந்தது.

சுடர் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறாள். எந்தப் பெட்டி எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை. லாரிக்காரர்களை மிரட்டி வரிசையில் நிற்க வைக்கிற சத்தத்தைப் போனிலேயே கேட்கலாம் என்பார் அவள் அப்பா. அந்த வேலை அவளுக்கு உயிர்.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழும்படிதான் உட்கார்ந்தாள். வீட்டில் பாடம் படித்தவள் அவள் ஒருத்திதான்.

"அம்மா, நாளைக்கு அவங்க என்ன வேணாலும் கேக்கட்டும். வேலைய விடணும்னு கேட்டா மட்டும் தலையாட்டிராதீங்க. அப்பா அத்தைக்கு எதிரா வாயத் தொறக்க மாட்டாங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிந்ததும் பெண்ணின் தாயைப் பார்த்து "உங்களுக்குச் சம்மதம்தான?" என்று கேட்பார்கள். தாய் சரி என்றால், அப்போதே பையனின் தாய் எழுந்துபோய்ப் பெண்ணின் தலையில் பூ வைத்துவிடுவார். பூ வைத்த பிறகு, பேசிய எதையும் யாரும் மாற்றிப் பேச முடியாது.

மறுநாள் காலை மதினி வந்து இறங்கியதும் என் காதைத்தான் பார்த்தார்.

"ஏளா பாக்கியம், இந்த மெஷின கழட்டு. தாய்க்குக் காது அவிஞ்சு போச்சுன்னா, நாளைக்குப் பொறக்குற புள்ளைக்கும் வந்துரும்னுல்லா நெனப்பாவ?"

"மதினி, இது இல்லன்னா அவிய பேசுதது ஒண்ணும் வெளங்காது."

"உனக்கு எதுக்கு வெளங்கணும்? நான் பேசுதேன், தம்பி இருக்கான். நீ சிரிச்சிக்கிட்டு உக்காந்திரு."

மல்லிகைப்பூவால் மறைத்துப் பார்த்தோம். பூவும் முடியும் நெருங்கி அமுக்கியதும் மெஷின் கீய்யென்று விசில் அடித்தது. எனக்குக் கேட்கவில்லை. மதினி துள்ளியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

என் கணவரைப் பார்த்தேன். அவர் பீரோவைப் பார்த்தார். கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழாத குறை.

பூத்தட்டு

வந்தவர்களில் பேச்சாளர் மாப்பிள்ளையின் பெரியப்பா. நல்ல மனிதர்தான், ஆனால் எங்கே உட்கார்ந்தார் தெரியுமா? ஜன்னலுக்கு முன்னால். பின்னாலிருந்து வெயில் அடிக்கிறது. முகம் முழுக்கக் கறுப்பாகத் தெரிகிறது. வாயில் வெற்றிலை வேறு. தலைக்கு மேலே மின்விசிறி. காது கேட்காதவளை வதைப்பதற்காகவே யாரோ யோசித்து உட்கார வைத்த மாதிரி இருந்தது.

மதினி சிரித்தால் சிரித்தேன். மதினி நிமிர்ந்தால் நிமிர்ந்தேன். கேசரி வந்தது, காப்பி வந்தது. என் கணவர் எதிரே கதவோரம் நின்றிருந்தார்.

திடீரென்று பேச்சு நின்றது. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. பெரியப்பாவின் தாடை அசைந்து ஓய்ந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பூத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மதினி என் தொடையில் இடித்தார்.

என் கழுத்து தானாக அசையத் தொடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அசைக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம்.

அப்போதுதான் கதவோரம் இரண்டு கைகள் விரிந்தன. தோள் உயரத்துக்கு நேராக நீட்டி, விறைப்பாக. நாலு பேர் முன்னால் தூக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்த அதே கைகள்.

அப்படியே நிறுத்து.

நிறுத்தினேன். பாதியில் நின்ற தலையோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது கோபம்தான். அந்த மனிதருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. வாயைத் திறந்து தன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை. கை மட்டும் பேசுகிறது! மிச்சத்தை நான்தான் பேச வேண்டும்.

எழுந்தேன். கைப்பையைத் திறந்தேன். மெஷினை எடுத்து, அத்தனை பேரும் பார்க்க, காதில் மாட்டினேன். மின்விசிறியை அணைத்தேன்.

"எனக்குக் காது கேக்காதுங்க. நீங்க பேசுனதுல ஒரு வார்த்த எனக்கு விழல. நீங்க அந்த ஜன்னல விட்டு இந்தப் பக்கம் வந்து உக்காந்து, என் முகத்தப் பாத்து இன்னொரு தடவ சொல்லணும். கொஞ்சம் வெத்தலையத் துப்பிட்டு வந்தா நல்லது."

என் குரல் எவ்வளவு சத்தமாக வந்ததென்று எனக்குத் தெரியாது. உள்ளறையிலிருந்து சுடர் எட்டிப் பார்த்தாள் என்றால் சத்தமாகத்தான் வந்திருக்கும்.

பெரியப்பா பாவம், எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார். என் எதிரில் உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்.

நான் திருப்பிச் சொன்னேன். "கல்யாணத்துக்கு அப்புறம் புள்ள வேலைக்குப் போவாண்டாம், உடன்குடியிலேயே இருக்கட்டும். இதுதான சொன்னீங்க?"

"ஆமாம்மா. உங்க மதினி அதுக்குச் சரின்னுட்டாவ. நீங்களும் சரின்னா பூ வச்சிரலாம்."

"எனக்குச் சம்மதமில்ல. அவ வேலைய விட மாட்டா. அதுக்குச் சரின்னா பூ வைங்க."

மாப்பிள்ளையின் அம்மா தட்டை மெல்லக் கீழே வைத்தார். பையன் தன் பெரியப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கடைசியில் தன் கால்விரலைப் பார்த்தான். யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. அதன்பிறகு போனும் வரவில்லை. சுடர் இரண்டு நாள் முகம் வாடியிருந்தாள், மூன்றாம் நாள் லாரிக்காரர்களை மிரட்டப் போய்விட்டாள்.

மதினி சொன்னது

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் மதினி ஆரம்பித்தார். என்னிடம் அல்ல, தம்பியிடம். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கை ஆடுகிறது, கொண்டை ஆடுகிறது, ஒரு சொல்கூட என் பக்கம் வரவில்லை. நெடுநேரம் பேசிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"மதினி என்ன சொன்னாவ?" என்று கேட்டேன்.

இவர் கையை அசைத்தார். "ஒண்ணு…"

அதோடு நிறுத்திக்கொண்டார்.

உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டார். ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியை வெளிச்சத்துக்கு நகர்த்தினார். உட்கார்ந்து இரண்டு விரல்களால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மேலுதட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளுப்பாக இருந்தது.

"மொதல்ல… நீ திமிரு புடிச்சவன்னு சொன்னா" என்றார் ஒவ்வொரு சொல்லாக.

"சரி."

"காது அவிஞ்சும் உனக்கு வாய் அவியலன்னு சொன்னா."

"சரி. பெறவு?"

"உன்னக் கட்டுனதே நான் செஞ்ச தப்புன்னு சொன்னா."

"அதுக்கு நீங்க என்ன சொன்னிய?"

மீசையைப் பிடித்திருந்த விரல்களை இன்னும் எடுக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லல" என்றார். "இனிமத்தான் போயி சொல்லணும்."

பஸ் வருவதற்குள் அக்காவைப் பிடித்துவிட வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.